12 அங்குல சப் போட்டும் சோபாவில் பாஸ் இல்லை: பெட்டி பழுதா?

மாடியறை:

வணக்கம். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். டிவி 10 அடிச் சுவரில். சோபா அறையின் நடுவில். உட்கார்ந்தால் காது டிவி சுவரிலிருந்து சரியாக 6 அடி. ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த 8 அங்குல சப்வூஃபரில் (பாஸுக்கென்றே இருக்கும் பெட்டி) வெடிச்சத்தம் எல்லாம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்டது. அதைக் கழற்றிவிட்டு 12 அங்குல போர்ட்டட் (காற்றுத் துளை வைத்த) சப் ஒன்றை முன் இடது மூலையில் வைத்தேன். முன் ஸ்பீக்கர் இரண்டும் சென்டரும் (வசனம் வரும் நடு ஸ்பீக்கர்) புதுசு, சின்னப் பெட்டியான புக்‌ஷெல்ஃப் வகை. எல்லாவற்றையும் ஓட்டும் ஆம்ப்பான ரிசீவர் மட்டும் பழையது.

சோபாவில் உட்கார்ந்தால் பாஸ் ஏறக்குறைய பழைய மாதிரியே. எழுந்து பின்சுவர்ப் பக்கம் போனால் நெஞ்சில் கும்மென்று இறங்குகிறது. மனைவி பின்னால் நின்று துணி மடித்தபடி "கொஞ்சம் குறையுங்களேன்" என்கிறாள். அதே நேரம் நான் சோபாவில் இன்னும் கூட்டலாமா என்று ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சப்பின் வால்யூம் திருகு முக்கால் வரை போயாயிற்று. அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறதே தவிர எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

ரிசீவரே மைக் வைத்து ஸ்பீக்கர்களை அளந்து சரிசெய்யும் தானியங்கி அளவீட்டை மூன்று முறை ஓட்டினேன். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்கிறது. சப்பின் தூரம் 14 அடி என்கிறது. டேப் வைத்து அளந்தால் 7 அடி சொச்சம்தான். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

இடிமுழக்கம்:

அப்போதே 15 அங்குலமாக வாங்கியிருக்க வேண்டும் ப்ரோ.

பழையவயர்:

15 வாங்கினால் துணி மடிப்பவருக்குத்தான் இன்னும் நன்றாகக் கேட்கும்.

மாடியறை சார், பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பின்சுவரில் கும்மென்று கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழுதான சப் இடம் பார்த்து வேலை செய்யாது.

ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஏறி இறங்கும். நடுவில் மட்டம் அசையாது. உங்கள் அறையில் காற்று செய்வதும் இதுதான். ஒலி வினாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. அதில் பாதி 565. அதை அறையின் நீளத்தால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தில் இரண்டு சுவரோரமும் முழங்கும், 6ஆவது அடியில் பள்ளம். அளந்து வைத்தது போல அந்தப் பள்ளத்திலேயே சோபாவைப் போட்டிருக்கிறீர்கள்.

அகலத்துக்கும் இதே கணக்குதான். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். சோபாவின் நடு இருக்கையில் அதுவும் அடங்கிவிடும். வெடிச்சத்தத்தின் கனம் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. மூலையில் வைத்த சப் இந்த அதிர்வுகள் எல்லாவற்றையும் முழு வீச்சில் கிளப்பிவிடும், அது வேறு.

8 அங்குலத்திலிருந்து 12க்குப் போனால் கூம்பின் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆனால் நேராக வரும் அலையைச் சுவரில் பட்டுத் திரும்பும் அலைதான் அங்கே அழிக்கிறது. முன்னதைக் கூட்டினால் பின்னதும் அதே அளவு கூடும். ஈக்யூ (குறிப்பிட்ட சுரங்களை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி) போட்டு 10 டெசிபல் ஏற்றிப் பார்த்தாலும் ஆம்ப்புக்குப் பத்து மடங்கு வேலை, பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

சோபாவைப் பின்னால் தள்ளுங்கள். காது முன்சுவரிலிருந்து ஏழரை அடியில் வரட்டும். 9 அடி வரை போகாதீர்கள், அங்கே 94 ஹெர்ட்ஸுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. பின்சுவரோடு ஒட்டினால் எல்லாமே முழங்கித் தொலைக்கும்.

அப்புறம் சப்பைத் தூக்கிச் சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். சப்பும் காதும் இடம் மாறிக்கொண்டாலும் பாஸ் ஒரே மாதிரிதான் கேட்கும். பாஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முன்சுவர் ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். பெரிதாகக் கேட்கும் இடம் வேண்டாம். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு, சப்பை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

அளவீட்டைத் திரும்ப ஓட்டிய பிறகு முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவர், அதாவது சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் சுரங்களைப் பிரிக்கும் எல்லை, 80 ஹெர்ட்ஸ் போடுங்கள். 'லார்ஜ்' என்றால் அந்தச் சின்னப் பெட்டிகளும் அடிமட்டச் சுரங்களை இழுக்கப் பார்த்துத் திணறும். சப்பின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரை திருப்பிவிடுங்கள். இரண்டு இடத்தில் வடிகட்ட வேண்டாம். 14 அடியை மட்டும் தொடாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சில மில்லி வினாடி தாமதிக்கும். ரிசீவர் அதையும் தூரமாகக் கணக்கில் சேர்த்துச் சொல்கிறது.

இடிமுழக்கம்:

சரிண்ணே, தாம்பாளம் புரிந்தது.

மாடியறை (மூன்று நாள் கழித்து):

செய்தேன். சோபாவை ஒன்றரை அடி தள்ளியதில் பின்னால் இருந்த துணி மேஜைக்கு இடமில்லாமல் போய்விட்டது. அதற்கு வீட்டில் தனி விசாரணை நடந்தது. சப்பைச் சோபாவில் ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது. நான் தரையில் தவழ்வதைப் பார்த்து மகள் டார்ச் எடுத்து வந்து "என்னப்பா விழுந்துச்சு?" என்றாள்.

பழைய மூலையில் ஒரு சுரம் மட்டும் பூதமாக உறுமியது, அடுத்தது காணவே இல்லை. டிவி ஸ்டாண்டுக்கும் வலது ஸ்பீக்கருக்கும் நடுவில் கிட்டத்தட்ட சீராக இருந்தது. சப் இப்போது அங்கேதான். ஹெலிகாப்டர் வரும் காட்சியைப் போட்டேன். முதல் முறையாகச் சோபா அதிர்ந்தது!

ஆனால் புதிதாக ஒரு தொல்லை. ஆண் குரல்கள் எல்லாம் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல வருகின்றன.

கண்ணம்மாபேரன்:

இரண்டு கேள்வி. அளவீடு முடிந்த பிறகு சப்புக்கு ரிசீவர் போட்ட அளவு எவ்வளவு? சென்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது?

மாடியறை:

மைனஸ் 12 டெசிபல். சென்டர் டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள், கொஞ்சம் உள்ளே தள்ளி.

கண்ணம்மாபேரன்:

இரண்டுமே காரணம்தான். நிறைய ரிசீவர்களில் மைனஸ் 12தான் கடைசிப் படி. இன்னும் குறைக்கப் பார்த்து, முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். பாஸ் கேட்காத காலத்தில் முக்கால் வரை திருப்பிய அந்தத் திருகை இன்னும் அப்படியேதானே வைத்திருக்கிறீர்கள்? பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு அளவீட்டைத் திரும்ப ஓட்டுங்கள். மைனஸ் 5 அருகே வந்தால் போதும்.

சென்டரை உள்ளே தள்ளினால் தட்டின் பலகைகளே பெட்டியாகிவிடும். பானைச் சத்தம் அங்கிருந்தும் வரும். முகப்பு தட்டின் விளிம்பை எட்டும் வரை முன்னால் இழுங்கள். முன்பக்கத்தின் அடியில் ரப்பர் துண்டு வைத்து, காதைப் பார்த்து லேசாக நிமிர்த்துங்கள்.

பழையவயர்:

திருகை நான் கேட்க மறந்துவிட்டேன். ஒன்று சேர்க்கிறேன்: அளவீடு முடிந்ததும் சப்பின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்து, 80 ஹெர்ட்ஸ் ஒலியைச் சோபாவிலிருந்து கேளுங்கள். எதில் பெரிதாகக் கேட்கிறதோ அதில் சப்பும் ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ளுகின்றன என்று பொருள். தனியாளாக ஓடி ஓடி மாற்றினால் காதுக்கு வித்தியாசம் பிடிபடாது. சுவிட்சுக்கு மகளை உட்கார வையுங்கள்.

மாடியறை:

திருகு கடிகாரத்தில் 10 மணி காட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. ரிசீவர் மைனஸ் 4 என்கிறது. ஃபேஸ் 0தான் சரி. சென்டரை இழுத்த உடனேயே குரல் தெளிந்துவிட்டது. பாதிக் குற்றம் அந்தத் தட்டின் மேல்தான் போல. நடுங்கியது அலமாரிக் கண்ணாடி என்று நினைத்திருந்தேன். கையை வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் அதன் மேலே மாட்டிய சுவர்க்கடிகாரம். பின்னால் பஞ்சுத் துண்டு ஒட்டியாயிற்று.

இன்னும் ஒன்று. பழைய 8 அங்குல சப் சும்மா கிடக்கிறது. அதையும் பின்சுவரில் சேர்த்துவிட்டால் நல்லதா?

பழையவயர்:

இரண்டு சப் நல்ல யோசனைதான். முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று வைத்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் முழக்கத்தை இரண்டும் எதிரெதிரே தள்ளி அடக்கிவிடும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உங்கள் 12 இறங்கும் ஆழத்துக்கு 8 இறங்காது. அதற்கு முன்பே தடதடக்கும், ஃபேஸும் ஒத்துப்போகாது. அதை மகளின் கம்ப்யூட்டருக்குப் போட்டுவிட்டு, அந்தத் துணி மேஜைக்கு முதலில் ஒரு இடம் பாருங்கள்.