2017 ஹிமாலயன் 411: ஆஃப்ரோடு பயிற்சிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, குலுங்கினால் இன்ஜின் அணைகிறது

காட்பாடிக்காரன்

வணக்கம். என் வண்டி 2017 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். இன்ஜெக்‌ஷன் வந்த பி.எஸ்.4 (புகை விதிமுறை) மாடல், ஏ.பி.எஸ். கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இப்போது 61,000 கி.மீ. ஆகிறது. அடுத்த மாதம் கோலார் பக்கம் இரண்டு நாள் ஆஃப்ரோடு பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டேன். சொந்த வண்டியையே கொண்டுவரலாம் என்றார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, வி.கோட்டா வழியாக ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்புவதாகத் திட்டம்.

சிக்கல் என்னவென்றால், கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று பாலாற்றங்கரை மண்பாதையில் எழுந்து நின்றபடி ஓட்டினேன். முதல் கியர், இரண்டாம் கியரில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இன்ஜின் பட்டென்று அணைந்துவிடுகிறது. ஒரே காலையில் ஏழு தடவை. கிளட்சைப் பிடித்து ஸ்டார்ட்டரை அழுத்தினால் உடனே எடுத்துக்கொள்கிறது. தார் ரோட்டில் 80, 90-ல் மணிக்கணக்காகப் போனாலும் இப்படி ஆவதில்லை.

வழக்கமான மெக்கானிக் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து பிளக்கும் மாற்றிவிட்டார். 1,400 ரூபாய் ஆயிற்று, குறை அப்படியே இருக்கிறது. இன்னொன்று: ஹேண்டிலை நேராக வைத்தால் அந்த இடத்தில் லேசாகப் பிடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. டயர் இரண்டும் வாங்கியபோது இருந்தவைதான்.

இதை நம்பிக் கொண்டுபோகலாமா, வாடகைக்கு ஒன்று எடுத்துவிடலாமா?

டர்ட்பிரியன்

ப்ரோ, பெட்ரோல் பம்ப்தான். டேங்கில் பாதிக்கும் கீழே இருந்தால் குலுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கும். டேங்கை நிரப்பிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்

தம்பி, எதையும் கழற்றுவதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று, அணையும்போது மீட்டரும் சேர்ந்து அணைகிறதா, வெளிச்சம் அப்படியே இருக்கிறதா? மீட்டரும் செத்துப்போனால் பேட்டரி டெர்மினல், சாவி சுவிட்ச், மெயின் ஃபியூஸ் என்று தேடவேண்டும். மீட்டர் உயிரோடு இருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இரண்டு, அணைவதற்கு முன் திக்குகிறதா? பெட்ரோல் தட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவை இருமிவிட்டுத்தான் நிற்கும். சாவியைத் திருப்பினதுபோல் நறுக்கென்று நின்றால் அது கரண்ட் விவகாரம்.

மூன்று, ஹேண்டிலை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் நடக்கிறதா? அப்படியானால் ஸ்டியரிங் கழுத்தை ஒட்டிப் போகும் வயர் உள்ளே அறுந்திருக்கும். பழைய வண்டியில் இது சகஜம்.

காட்பாடிக்காரன்

அண்ணா, இன்று காலை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மீட்டர் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. திக்கல் எதுவும் இல்லை, நறுக்கென்றுதான் நிற்கிறது. திருப்பும்போது இல்லை, நேராகப் போய்க் குலுங்கும்போதுதான். டேங்கையும் நிரப்பிப் பார்த்தேன், அப்போதும் மூன்று தடவை நின்றது.

பழைய ஸ்பேனர்

அப்படியானால் முதல் சந்தேகம் சைடு ஸ்டாண்டு மேல்தான். ஸ்டாண்டு இறங்கியிருக்க, கியரும் விழுந்திருந்தால் இன்ஜினை நிறுத்துவதற்கு அங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. வயதான வண்டியில் ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்ந்துபோகும், அது மடங்கித் திரும்புகிற பிவட் போல்ட்டும் ஆடும். பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது ஸ்டாண்டு அதன் கனத்திலேயே ஒரு விரல் அளவு கீழே வந்து போகும். அந்த ஒரு கணம் சுவிட்சுக்குப் போதும். நீங்கள் குனிந்து பார்க்கும்போது ஸ்டாண்டு ஒழுங்காக மேலேதான் இருக்கும்.

சோதிக்கக் காசு வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை ஒரு கீற்று வெட்டி, ஸ்டாண்டை மேலே தூக்கி இறுக்கிக் கட்டுங்கள். அதே பாதை, அதே கியர், அதே வேகம். நின்றால் ஹேண்டிலில் இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்சைப் பார்ப்போம். நிற்காவிட்டால் ஆள் கிடைத்துவிட்டான். நடுவில் நிறுத்தவேண்டி வந்தால் டபுள் ஸ்டாண்டு போடுங்கள். மறந்து சைடில் சாய்த்தால் வண்டியோடு சேர்ந்து விழுவீர்கள்.

காட்பாடிக்காரன்

கிடைத்துவிட்டான் அண்ணா! நாற்பது நிமிடம் ஓட்டினேன், ஒரு தடவைகூட அணையவில்லை. ஸ்டாண்டைக் கையால் தட்டிப் பார்த்தால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. சுவிட்சைச் சுற்றி மண் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. 1,400 ரூபாயை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

டர்ட்பிரியன்

அந்த சுவிட்சை வெட்டி வயரை நேராக இணைத்துவிடுங்கள் ப்ரோ. ஆஃப்ரோடு ஓட்டுகிற பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். இனி ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை.

ஏலகிரி அக்கா

தயவுசெய்து வேண்டாம். பயிற்சியில் ஒரு நாளைக்குப் பத்து தடவை வண்டியை விட்டு இறங்கி ஏறுவீர்கள். மத்தியானத்துக்கு மேல் உடம்பும் மூளையும் களைத்துவிடும். ஸ்டாண்டை எடுக்க மறந்து கிளம்பி, முதல் இடது வளைவில் ஸ்டாண்டு தரையைக் குத்தினால் என்ன ஆகும் என்று பேரணாம்பட்டு மலை வளைவுகளை நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். நூறு இருநூறு ரூபாய் ஸ்பிரிங்கை மாற்றுவதை விட்டுவிட்டு சுவிட்சை ஏன் வெட்டவேண்டும்?

நானும் இதே வண்டியில்தான் (2019) பயிற்சிக்குப் போனேன். உங்கள் வண்டியில் ஸ்டாண்டைவிட எனக்குக் கவலை தருவது ஹேண்டில். டபுள் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கம் யாரையாவது அமுக்கச் சொல்லி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒரே விரலால் ஹேண்டிலை மெதுவாகத் தள்ளுங்கள். நடுவில் ‘டக்’ என்று உட்கார்ந்தால் கோன் செட்டில், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்து பேரிங்கில், பள்ளம் விழுந்திருக்கிறது. ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் பயிற்சியில் முதல் நாள் முழுக்க நடை வேகத்தில் எட்டுப் போடுவதும் நின்றபடி ஊர்வதும்தான். அங்கே ஹேண்டிலை இம்மி இம்மியாகத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். நடுவில் ஒட்டுகிற ஹேண்டிலோடு அதைச் செய்தால் வண்டி பாம்பு மாதிரி நெளியும், நமக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். பாதி நாள் நான் அப்படித்தான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. என்ன இருக்கிறது உங்களுடையதில்?

காட்பாடிக்காரன்

அக்கா, ‘டக்’ என்று நன்றாகவே உட்காருகிறது. டயர் முன்னால் 3817, பின்னால் 0921. கோன் செட், முன் டயர் இரண்டுக்கும் சொல்லிவிட்டேன். காற்று எவ்வளவு வைப்பது? நண்பன் 12 பி.எஸ்.ஐ. வைக்கச் சொல்கிறான்.

பழைய ஸ்பேனர்

நண்பன் கையில் பஞ்சர் கடை இருக்கிறதா? அது ரிம் லாக் (டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கிற கிளாம்ப்) போட்ட டர்ட் பைக்கின் கணக்கு. இது 190 கிலோவை ஒட்டின வண்டி, ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். 12-ல் ஒரு கல்லில் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கி, வால்வையும் பிய்த்துக்கொண்டு போகும். ரோட்டில் முன் 25, பின் 32. களத்தில் இரண்டும் 20, கல் அதிகமானால் 22. திரும்பும்போது ஏற்றிக்கொள்ள ஒரு பம்ப் கட்டாயம். அப்புறம், முன்சக்கரத்துக்கான 21 இன்ச் டியூப் ஒன்று பையில் இருக்கட்டும். சின்ன ஊர்க் கடைகளில் அந்த அளவு கிடைக்காது. அவசரத்துக்கு அதையே பின்சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேரலாம்.

கோன் செட் மாற்றும்போது டேப்பர் ரோலர் பேரிங் கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள். இறுக்கத்தை 500 கி.மீ. கழித்து ஒருமுறை சரிபார்க்கவேண்டும். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால், அதுவே மாற்றவேண்டும் என்பதற்கான பதில்.

ஏலகிரி அக்கா

கண்ணாடி இரண்டையும் களத்தில் கழற்றிவிடுங்கள், முதலில் உடைவது அதுதான். சேலைக் கார்டை வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். விழும்போது கால் மாட்டினால் வம்பு. ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் எடுத்துவிடுங்கள், ஈர பூட்ஸ் வழுக்கும். கிளட்ச், பிரேக் லீவர் கிளாம்ப்பை உடும்புப் பிடியாக இறுக்காதீர்கள். வண்டி விழுந்தால் லீவர் ஹேண்டிலில் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு விட்டுவையுங்கள், உடையாது. லீவர் முனையைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்தால் நின்று ஓட்டும்போது மணிக்கட்டு வலிக்காது.

பெட்ரோல் பாதி டேங்க் போதும். நிறைத்தால் 15 லிட்டர், சுமார் 11 கிலோ, அதுவும் உயரத்தில். விழுந்த வண்டியைத் தூக்கும்போது அந்த 11 கிலோ யார் என்று தெரியும்! சீட்டில் முதுகைக் கொடுத்து, காலால் உந்தித் தூக்குங்கள். இடுப்பை வளைத்துத் தூக்கி ஒரு அண்ணன் முதல் நாளே உட்கார்ந்துவிட்டார்.

டர்ட்பிரியன்

சுவிட்ச் விஷயத்தில் அக்கா சொல்வது சரிதான். என்னுடையது இரண்டு வருடமாக வெட்டியபடிதான் இருக்கிறது. இந்த வாரம் சேர்த்துவிடுகிறேன்.

காட்பாடிக்காரன்

போய்விட்டு வந்தாயிற்று. ஸ்பிரிங், பிவட் போல்ட், கோன் செட், முன் டயர், பிரேக் ஆயில் மாற்றினேன். சுவிட்சை மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே வைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் இன்ஜின் தானாக அணையவே இல்லை. நானாக அணைத்தது எத்தனையோ தடவை, கிளட்ச் விடத் தெரியாமல்.

பதினொரு முறை விழுந்தேன், ஒன்பது இடதுபக்கம். லீவர் சுற்றிக்கொண்டதே தவிர உடையவில்லை. வெயிலில் ஊர்ந்துகொண்டே இருந்ததில் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது. காற்றும் ஆயிலும்தான் குளிர்விக்கவேண்டும், ஃபேன் கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே பத்து நிமிடம் நிறுத்தினேன். சின்ன வண்டிக்காரர்கள் அந்த நேரத்தில் இன்னொரு சுற்று போய்வந்தார்கள். அதில் கொஞ்சம் பொறாமைதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் எட்டுப் போடும்போது ஹேண்டில் எண்ணெய் போட்டதுபோல் திரும்பியது. அக்கா, நீங்கள் சொன்ன அந்த இம்மி அப்போதுதான் புரிந்தது.

திரும்பும் வழியில் பேரணாம்பட்டு மலை இறக்கத்தில் முன் பிரேக் கீச்சென்று கத்தியது. திரும்பவும் உங்களைக் கேட்கவேண்டுமோ என்று பயந்தேன். பேட் நடுவில் மண். வீட்டில் கழுவியதும் போய்விட்டது.