தென்னாப்பிரிக்கா நேட்டால்ல டண்டி, கிளென்கோ, நியூகாசல் பக்கம் பழைய கரி மைன் காம்பவுண்டுல (ஆளுங்கள தங்க வெச்ச எடம்) நம்ம ஆளுங்க தடம் எதாச்சும் பாத்திருக்கீங்களா?

டண்டி பேத்தி:

1991, ஜூலை லீவு. அப்பாவோட பக்கில (பிக்கப் வண்டி) கிளென்கோவத் தாண்டி ஒரு மண் ரோட்டுல போனோம். அப்பாவோட தாத்தா இந்தியாவுல இருந்து கூலிக் கான்ட்ராக்ட்ல வந்து மொத 5 வருஷம் கரி வெட்டுனது அந்தப் பக்கம்தான்னு வீட்ல பேச்சு. அங்க என்ன மிச்சம் இருக்கும்னு உங்களுக்கே தெரியும், கூரை இல்லாத ரெண்டு செவுரு, கரித்தூள் மேடு, புளூகம் (தைல) மரம், அவ்ளோதான். எனக்கு அப்போ 16 வயசு, குளிர் வேற, வண்டிய விட்டு எறங்கவே மனசில்ல.

பக்கத்துல ஒரு வீடு, வாசல்ல ஒரு ஜூலு தாத்தா வெயில் காஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்தார், எப்படியும் 85 இருக்கும். அப்பா "சாவுபோனா ம்குலு" (வணக்கம் தாத்தா)ன்னு கும்பிட்டு, எங்க தாத்தா இங்க வேல பாத்தவர், எடத்தப் பாக்க வந்தோம்னு ஜூலுலயே சொன்னார். அவர் ஒண்ணும் பேசல, தடிய ஊணி எந்திரிச்சு, பின்னாடி வாங்கன்னு கைய காட்டிட்டு நடந்தார். கத்தாழை வளந்து கெடந்த எடம், அதுக்குள்ள நீளநீளமா கல்லு குமிச்ச மேடுங்க. பேரும் கெடையாது தேதியும் கெடையாது. அவர் ஒவ்வொரு மேட்டையும் தடியால தொட்டுத் தொட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிக்கிட்டே போறார், தமிழ்ல. "ஒம்போது"ன்னு எங்க ஆயா சொல்ற மாதிரியே சொன்னார். 13 வரைக்கும் போச்சு. ஓரத்துல இன்னொரு மேடு, ஒரு முழத்துக்கு மேல இருக்காது, அதுக்கு நம்பர் சொல்லல. தடிய எடுத்து கக்கத்துல வெச்சுக்கிட்டு "சின்னது"ன்னார்.

தமிழ் எப்படி வந்துச்சுன்னு அப்பா கேட்டதுக்கு, அவங்க அப்பா கோகோபேன் (தண்டவாளத்துல ஓடுற கரி வண்டி) தள்ளுறவராம், கரி வெட்டுறது நம்ம ஆளு, ஷிஃப்ட்டுக்கு எத்தனை வண்டி ரொம்புச்சுன்னு ரெண்டு பேரும் சேந்து தமிழ்லதான் எண்ணுவாங்களாம், அவங்க அப்பா வீட்ல எண்ணிப் பாக்குறத கேட்டு இவருக்கும் ஒட்டிக்கிச்சாம். நாங்க கொண்டுபோன ஆரஞ்சுப் பையக் குடுத்துட்டு, இருட்டுறதுக்குள்ள கெளம்பிட்டோம். அந்தச் சின்னது யாரோடதுன்னு நானும் கேக்கல, அப்பாவும் கேக்கல. அப்பா போனப்புறம் 2009ல திரும்பப் போனேன். வீடு இல்ல. கத்தாழை மட்டும் இருக்கு, மேடெல்லாம் புல்லு மூடி எது கல்லு எது மண்ணுன்னே தெரியல.

அந்தப் பக்கத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. 30 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஒரு வார்த்த மட்டும் என்ன விடல.

மரக்காணத்து கொள்ளுப்பேரன்:

அக்கா படிச்சிட்டு கை நடுங்குது. எங்களோடது டண்டி. எங்க கொள்ளு ஆயா பொறந்தது மரக்காணம், உப்பளத்துல வேல பாத்த குடும்பம். டர்பன்ல கப்பல் எறங்கி ரயில்ல மேல கொண்டு போயிருக்காங்க, போய்ச் சேந்தது ஜூன் மாசம். விடியக்காலைல காம்பவுண்டு கதவத் தொறந்தா தரையெல்லாம் வெள்ளையா இருக்கு. உப்பு பூத்திருக்குன்னு நெனச்சிட்டாங்க, பின்ன மரக்காணத்துப் பொண்ணு வேற என்னன்னு நெனைக்கும், நம்ம ஊரு மாதிரிதான் இருக்குன்னு சந்தோஷமா குந்தி ஒக்காந்து தகரக் குவளையில வழிச்சு எடுத்திருக்காங்க, அன்னிக்கு ரேஷன்ல உப்பு தீந்து போச்சாம். அடுப்பாண்ட கொண்டு வந்து பருப்புல போடலாம்னு பாத்தா குவளையில அழுக்குத் தண்ணி. அங்கயே ஒக்காந்து அழுதாங்களாம். கப்பல்ல அழல, ஆளுங்கள தங்க வெக்கிற டெப்போல அழல, அன்னிக்குத்தான் அழுதேன்னு எங்கம்மாகிட்ட சொல்லுவாங்களாம்.

போன வருஷம் ஜூன்ல டண்டி வழியா லாரி ஓட்டிட்டுப் போனேன், காலைல 5 மணி, டீசல் போட நிறுத்துனா ரோட்டோரப் புல்லு பூரா உறைபனி. எறங்கி ஒரு விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். ஏன் வெச்சேன்னு இன்னும் எனக்கு வெளங்கல.

பேரக்ஸ் பையன்:

எங்க தாத்தாவோட அப்பா நியூகாசல் பக்கம் மைன்ல இருந்தவர். 3 பவுன் தலை வரிய எதுத்து நடந்த 1913 ஸ்ட்ரைக்ல வெளிய வந்த கூட்டத்துல அவரும் ஒருத்தர். தில்லையாடி வள்ளியம்மை நியூகாசல்ல வந்து வாசல்ல நின்னு பேசினதக் கேட்டுத்தான் மண்வெட்டிய கீழ போட்டாங்கன்னு தாத்தா சொல்லுவார். நடந்தே டிரான்ஸ்வால் எல்லைய தாண்டினவங்கள பாதி வழில புடிச்சு ரயில்ல ஏத்தித் திரும்பக் கொண்டு வந்தாங்க இல்ல, அப்போ மைன் காம்பவுண்டையே ஜெயிலுன்னு அறிவிச்சு, மைன் கம்பெனியோட வெள்ளைக்கார ஆளுங்களையே வார்டர் ஆக்கிட்டாங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கீழ எறங்க மாட்டேன்னவங்களுக்கு சாட்டை.

நான் சொல்ல வந்தது இது. எனக்கு 9 வயசு, ஞாயித்துக்கெழம, தாத்தா என்ன எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறார். அவங்க அப்பா முதுகு பத்தி அன்னிக்கு என்னமோ கேட்டுட்டேன். பதில் சொல்லாம என்ன திருப்பி ஒக்கார வெச்சு, எண்ணெய்க் கையோட என் முதுகுல ஒத்த வெரலால கோடு போட்டார். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இது இடுப்பு வரைக்கும், இது ஆறவே இல்லன்னு. சின்னப் பையனா அவர்தான் அவங்க அப்பாவுக்கு முதுகு தேச்சு விடுவாராம், அதான் கையில எடம் மனப்பாடம். எனக்கு இப்ப 58. சட்டை போடும்போது சில நாள் அந்த வெரல் தெரியும்.

பீனிக்ஸ் வாத்தியார்:

தம்பி, உங்க தாத்தாவோட அப்பா பட்டது உண்மை, அதுல யாரும் கை வெக்க முடியாது. ஆனா வள்ளியம்மை விஷயத்த அப்படியே விட முடியாது, நம்ம பிள்ளைங்களும் இதையேதான் எழுதுறாங்க. அக்டோபர்ல நியூகாசலுக்கு வந்து மைன் ஆளுங்ககிட்ட பேசினது டிரான்ஸ்வால்ல இருந்து எல்லை தாண்டி வந்த 11 பொம்பளைங்க. பெரும்பாலும் தமிழ்ப் பொம்பளைங்க, கைக்கொழந்தையோட வந்தவங்களும் உண்டு, காந்தியோட சேந்து போராடின தம்பி நாயுடு சம்சாரமும் அதுல இருந்தாங்க. தம்பி நாயுடு மொரிஷியஸ்ல பொறந்தவர், அவரும் அங்க நின்னு வேல செஞ்சார். மொதல்ல வேலைய நிறுத்துனது ஃபார்லி மைன். அந்தப் பொம்பளைங்கள அக்டோபர் 21ஆம் தேதி புடிச்சு 3 மாசம் கடுங்காவல்னு மாரிட்ஸ்பர்க் ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க் பொண்ணு, அம்மாவோட சேந்து போராட்டத்துக்கு வந்தது அதுக்கப்புறம். ஜெயில்ல காய்ச்சல் கண்டு, வெளிய வந்து 1914 பிப்ரவரி 22ல இறந்துச்சு, வயசு 16. சமாதி பிராம்ஃபான்டைன்ல இருக்கு, நான் போய்ப் பூ வெச்சிருக்கேன். அந்த 11 பேர்ல முக்காவாசிப் பேர நாம மறந்துட்டு எல்லாத்தையும் ஒரு பொண்ணு தலையில ஏத்தி வெச்சா, அது வள்ளியம்மைக்கும் மரியாதை இல்ல, அவங்களுக்கும் இல்ல. காந்தி கூப்ட்டார் எல்லாரும் போனாங்கன்னு முடிச்சிடறதும் அதே தப்புதான். கான்ட்ராக்ட் முடிஞ்சு இங்கயே தங்கினா தலைக்கு 3 பவுன் வரி, அதுவும் வருஷா வருஷம், ஆம்பளைக்கு 16 வயசுல இருந்து, பொம்பளைக்கு 13ல இருந்தே. மொத வருஷக் கூலி மாசம் 10 ஷில்லிங், அப்போ 3 பவுன்னா 6 மாசக் கூலி. வீட்ல ரெண்டு புள்ள பெருசாயிட்டா என்ன பண்ணுவாங்க, மறுபடி கான்ட்ராக்ட்ல கையெழுத்து. அந்தக் கணக்கு அந்தப் பொம்பளைங்க வந்து சொல்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு வீட்லயும் தெரியும்.

என்னோட அனுபவம் சின்னதுதான். டிரான்ஸ்வாலுக்கு நடைப்பயணமா போன 2,000 சொச்சம் பேருக்கு ஒரு நாள் சாப்பாடு தலைக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. ஒரு வருஷம் கிளாஸுக்குத் தராசு கொண்டு போய் அத நிறுத்துக் காட்டினேன். 28 கிராம் சர்க்கரைய ஒரு பையன் உள்ளங்கையில கொட்டினேன். அவன் கைய மூடாம அப்படியே வெச்சுக்கிட்டு "சார், இது ஒரு வேளைக்கா ஒரு நாளைக்கா"ன்னான். நாளைக்குன்னேன். பெல் அடிச்சும் அவன் கைய மூடல.

சாட்ஸ்வர்த் அத்தை:

பேத்தி கண்ணு, நீ இங்க கேட்டா கெடைக்காது, நான் சொல்றபடி செய். குவாசுலு-நேட்டால் யுனிவர்சிட்டி வெஸ்ட்வில் காம்பஸ்ல காந்தி-லுத்துலி டாக்குமென்டேஷன் சென்டர் இருக்கு, அங்க கப்பல் லிஸ்ட் பாக்கலாம். பேர வெச்சுத் தேடாத, வெள்ளக்காரன் காதுல விழுந்தபடி எழுதினது, முனுசாமி நாலு விதமா இருப்பார். கப்பல்ல வந்த ஒவ்வொருத்தருக்கும் குடுத்த கோலனியல் நம்பர்தான் முக்கியம். வீட்ல பழைய கல்யாணப் பத்திரம், பொறப்புப் பத்திரம், பாஸ் எதாச்சும் தகர டப்பால கெடக்கும், அதுல நம்பர் இருக்கும், மொதல்ல அதத் தேடு. நம்பர் கெடச்சா அப்பா பேரு, வயசு, ஜில்லா, தாலுக்கா, கிராமம், சாதி, ஒடம்புல என்ன தழும்பு, எல்லாம் ஒரே வரில இருக்கும். மெட்ராஸ் கப்பல்னா வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டுன்னு போட்டிருப்பான், அந்த ஜில்லா எல்லையெல்லாம் இன்னிக்கு மாறிப்போச்சு, அதனால கிராமத்தையும் தாலுக்காவையும் சேத்துப் பாரு. பக்கத்து நம்பரையும் பாரு, புருஷன் பொண்டாட்டி புள்ளைங்க அடுத்தடுத்த நம்பர்ல வருவாங்க. கப்பல்ல வந்த கொழந்தைக்கும் நம்பர் உண்டு. இங்க பொறந்து இறந்து போன கொழந்தைன்னா அந்த லிஸ்ட்ல இருக்காது, மாரிட்ஸ்பர்க் ஆர்க்கைவ்ஸ்ல கேளு. போறப்ப பென்சிலும் நோட்டும் எடுத்துட்டுப் போ, ரெண்டு மூணு நாள் ஒதுக்கிக்கோ, ஒரே நாள்ல முடியாது. இன்னொண்ணு, அந்தப் பழைய மைன் பக்கம் தனியா சுத்தாத கண்ணு. கீழ தோண்டின எடம் திடீர்னு உள் வாங்கும், சில எடத்துல கரி இன்னும் உள்ளுக்குள்ள பொகஞ்சுக்கிட்டு இருக்கு, கந்தக நாத்தம் வந்தா அங்க நிக்காத. புள்ளைங்கள கூட்டிட்டே போகாத.

என் கதை கேட்டா, லிஸ்ட்ல எங்க தாத்தா பேர் இருந்த வரிய நான் கண்டுபுடிச்சப்ப தழும்புன்னு போட்ட எடத்துல எடது முட்டின்னு இருந்துச்சு. நான் சின்னதுல அந்த முட்டில ஒக்காந்துதான் வெளையாடுவேன்.

லேடிஸ்மித் மாமா:

எல்லாம் சரி. ஆனா மொத பதிவுல ஒண்ணு இடிக்குது. நிலத்துக்குக் கீழ எல்லாருக்கும் பொது பாஷை ஃபனகலோதான். நம்ம ஆளு, ஜூலு, வெள்ளைக்கார ஓவர்சியர் எல்லாரும் பேசினது அது. ஜூலு தாத்தா அதுல எதையோ சொல்லி, 16 வயசுப் பொண்ணு காதுக்குத் தமிழா கேட்டிருக்கும். வருத்தப்படாதீங்க, நெனப்பு அப்படித்தான் பண்ணும்.

மரக்காணத்து கொள்ளுப்பேரன்:

மாமா, கரும்புத் தோட்டத்துலயும் நம்ம ஆளுங்களோடவே வளந்த ஜூலுக்காரங்க தமிழ் பேசுவாங்கன்னு நீங்க கேள்விப்பட்டதே இல்லையா. எங்கப்பாவோட டோங்காட்ல வேல பாத்த ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்தா "ரசம் இருக்கா"ன்னுதான் உள்ளயே வருவார்.

டண்டி பேத்தி:

அத்தை, நன்றி. அம்மா பீரோவுல ஒரு பிஸ்கட் டின் இருக்கு, ஞாயித்துக்கெழம போய்ப் பாக்குறேன்.

மாமா, நான் எழுதறப்ப ஒண்ணு விட்டுட்டேன். அந்தத் தாத்தா பத்து சொல்றப்ப அப்பாவும் கூடச் சேந்துட்டார். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, ரெண்டு பேரும் ஒரே கொரல்ல எண்ணிக்கிட்டே நடந்தாங்க, நான் பின்னாடி. கடைசி மேட்டுக்கிட்ட வந்ததும் அப்பா பதினாலுன்னு வாயெடுத்தார். அவர் கைய அப்பா தோள்ல வெச்சு நிறுத்திட்டுத்தான் அந்த வார்த்தையச் சொன்னார்.