புதுப்பிப்பு: இரண்டு நூற்பாலைகளில் எதைத் தேர்ந்தெடுத்தோம்

திருப்பூரில் உள்ள எங்கள் பின்னலாடை நிறுவனத்திற்கு 30 நம்பர் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) கோம்ப்டு நூலை, அதாவது குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பருத்தி நூலை, குறைந்த விலை சொன்ன பெரிய ஆலையிடம் வாங்குவதா, கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்ட சிறிய ஆலையிடம் வாங்குவதா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இரு ஆலைகளின் நூலையும் ஒரே மெஷினில் பின்னி, ஒன்றாகக் கருநீலச் சாயம் ஏற்றிப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் முடிவைத் தந்தது. ஆய்வறிக்கையில் இரண்டு நூலும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. ஆனால் சாயமேற்றிய பிறகு, விலை குறைந்த நூலில் பின்னிய துணியில் மட்டும், சாயம் பிடிக்காத முதிராப் பஞ்சிழைகள் வெண்புள்ளிகளாகத் தெரிந்தன. கழிவாகும் துணியையும் கணக்கில் சேர்த்தபோது விலை வித்தியாசம் மறைந்துவிட்டதால், சிறிய ஆலையையே தேர்ந்தெடுத்தோம்.

ஆர்டரை இருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் யோசனையைப் பாதியளவே ஏற்க முடிந்தது. வெவ்வேறு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) நூல் ஒரே துணியில் கலந்தால் நிறம் மாறிப் பட்டை பட்டையாகத் தெரியும் என்பதால், வெண்புள்ளி தெரியாத வெள்ளைத் துணிக்கான நூலை மட்டும் பெரிய ஆலைக்கு ஒதுக்கினோம்.

எதிர்பாராதது ஒன்றும் உண்டு. அந்தச் சிறிய ஆலை சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றது; 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் அத்தகைய நிறுவனத்திற்கு 45 நாள்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். நாங்கள் 60 நாள் தவணை எழுதியிருந்ததைத் திருத்தினோம். இதே கேள்வியோடு வருபவர்கள், விலை பேசும் முன்பே இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவின் சான்றிதழைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.