புதுப்பிப்பு: சிப்புக்குள்ள இருக்கிற கோல்டு எலக்ட்ரோடுல பீக் ரொம்ப விலகி வர்ற பிரச்சினை தீர்ந்துருச்சு

போன வாரம் பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபெர்ரிசயனைடு வச்சு சைக்ளிக் வோல்டாமெட்ரி (வோல்டேஜை ஏத்தி இறக்கி கரண்ட்டை அளக்குற முறை) ஓட்டுனா, ஏத்தும்போதும் இறக்கும்போதும் வர்ற ரெண்டு கரண்ட் பீக்குக்கும் நடுவுல 180 மில்லிவோல்ட் வருதுன்னு கேட்டிருந்தேன்ல, ஐடியலா 59 வரணும். பஃபரை மாத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் ஒரு அண்ணன் சொன்ன மாதிரி 0.5 மோலார் சல்ஃப்யூரிக் ஆசிட்ல, கோல்டு ஆக்சைடு பீக் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்ற வரைக்கும் சைக்கிள் பண்ணி எலக்ட்ரோடை க்ளீன் பண்ணேன், இடைவெளி 78க்கு இறங்கிருச்சு, அதுதான் வேலை செஞ்சுது.

எதிர்பார்க்காதது ஒண்ணு: முதல் சிப்புல ஆசிட் ஓட்டும்போது உள்ள இருக்கிற சில்வர் ரெஃபரன்ஸையே (எதை வச்சு வோல்டேஜை அளக்குறோமோ அந்த எலக்ட்ரோடு) யூஸ் பண்ணிட்டேன், அது கெட்டுப்போய் ரெண்டு பீக்கும் சேர்ந்தே தள்ளிப்போச்சு. அதனால ஆசிட் க்ளீனிங்கை, சிப்புல சில்வர் ரெஃபரன்ஸ் போடுறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க.