ஸ்விங் பிரிட்ஜுக்கு ஊஞ்சல் பாலம் வேண்டாமே

> ஊஞ்சல் பாலம்னே போட்டுடலாம், சுருக்கமா இருக்கு

அண்ணா, நம்ம மொழிபெயர்ப்புல ஸ்விங் பிரிட்ஜுக்கு ஊஞ்சல்னு போட்டா தொங்குபாலம்னுதான் நெனப்பாங்க. இது ஆடுற பாலம் இல்ல, கப்பல் வந்தா ஒரு தூண் மேல படுக்கைவாட்டுல திரும்பி வழி விடுது. தூக்குப் பாலமும் ஆகாது, அது 1914ல கட்டின பழைய பாம்பன் பாலத்துக்கு சரி, அங்க ரெண்டு கையும் மேல எழும்பிட்டு இருந்துச்சு.

என் யோசனை குடுமிப் பாலம். பழைய வீட்டு மரக்கதவுக்கு கீல் கிடையாது, ஓரத்துல நீட்டிட்டு இருக்குற குடுமி குழியில உக்காந்து திரும்பும், திரும்புற முனையான பிவட்டுக்கு ஆசாரி வெச்ச பேர் அதுதான். குடுமித் தூண், குடுமி அச்சுன்னு மத்த சொல்லும் தானா வந்துடும்.

ஆனா நாம மொழிபெயர்க்குற நார்த்விச் பாலத்துக்கு இது மட்டும் பத்தாது. இங்கிலாந்துல வீவர் ஆத்து மேல 1899ல சேனர்ங்குற இஞ்சினியர் கட்டினது, அப்பவே மின்மோட்டார்ல திரும்பினது. அந்த ஊர்ல உப்புக்காக பூமிக்கடியில இருந்து உப்புநீரை உறிஞ்சி உறிஞ்சி தரை இறங்கிட்டே இருந்துச்சு, அஸ்திவாரத்த நம்ப முடியாதுன்னு அந்த மனுஷன் தண்ணிக்குள்ள ஒரு பெரிய இரும்புத் தொட்டிய மிதக்க விட்டு பாலத்தோட எடையில பெரும்பகுதிய அது தலையில ஏத்திட்டார் (என்ன மூளை!). அந்தத் தொட்டிய பான்டூன்னு சொல்றாங்க, அதுக்கு மிதவைன்னு எழுதாம தெப்பம்னே எழுதலாம்.

அடுத்து, இந்தப் பழைய பாலத்த சரிசெய்யுற வேலைக்கு புனரமைப்புங்குற சொல். அது இடிச்சுட்டு திரும்ப கட்டுற மாதிரி கேக்குது. மராமத்துன்னு போடுங்க, குடிமராமத்து தெரியாதவங்க யாரு? இருக்குறத வெச்சே உயிர் குடுக்குற வேலை இது. ரெண்டு தகடுக்கு நடுவுல துரு ஊதி தகடையே வளைச்சுடும், பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும், அதனால கூடாரம் போட்டு மூடிட்டுதான் சுரண்டணும். தளத்த மாத்துறப்போ எடை கூடினா தெப்பக் கணக்கே மாறிடும்.

---

தம்பி, மராமத்துக்கு என் ஓட்டு. உருது வழி வந்த சொல்லுன்னு ஒருத்தர் வருவார், வரட்டும், பொதுப்பணித்துறைல காலங்காலமா புழங்குது.

குடுமிப் பாலம்தான் இடிக்குது. பாலிடெக்னிக் பசங்களுக்கு கதவுக்குடுமிய எங்க தெரியும், தலைக்குடுமிதான் ஞாபகம் வந்து வகுப்பே சிரிக்கும். பாலத்துக்கு ஏற்கனவே புழங்குற சுழல் பாலமே இருக்கட்டும், முழுசா சுத்தலன்னா என்ன போச்சு. குடுமிய பிவட்டுக்கு மட்டும் வெச்சுக்கோங்க, அங்க அது அச்சு அசலா பொருந்துது.

தகடுகள சேத்து அடிக்குற ரிவெட்ட விட்டுட்டீங்களே. தறையாணின்னு போடுங்க. இப்ப பழைய தறையாணிய எடுத்துட்டு உருண்டை மண்டை வெச்ச போல்ட் போடுறாங்க, பாக்குறதுக்கு பழசு மாதிரியே இருக்கணும்ல. அதுக்கு குமிழ்த்தலை போல்ட் சரியா வரும், போல்ட்ட மட்டும் தயவுசெஞ்சு தமிழாக்காதீங்க, ஒர்க்‌ஷாப்ல ஒருத்தனுக்கும் புரியாது.