டர்னோவர்: பந்திழப்பா, பறிப்பா, தவணை தவறலா?

பொருள்: மறு: அமெரிக்கக் காற்பந்து – டர்னோவருக்குச் சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் 2022 சீசன் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி கேட்டது ஒரே ஒரு சொல்: ஓர் அணி பந்தை எதிரணியிடம் விட்டுவிடுவதைச் சொல்லும் 'டர்னோவர்' என்பதற்கு. அதற்குள் ஏழெட்டுச் சொற்கள் வந்து குவிந்துவிட்டன. மொத்தமாகப் படித்துப் பார்த்தால், எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதிலேயே நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை என்று தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒத்துவராதவற்றைக் கழித்துவிடலாம்.

> அகராதியில் 'விற்றுமுதல்' என்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அது கடை, கம்பெனிகளின் கணக்குச் சொல். "டல்லஸ் அணியுடன் லயன்ஸின் விற்றுமுதல் ஐந்து" என்று எழுதினால் டிக்கெட் அவ்வளவுதான் விற்றதா என்று கேட்பார்கள்.

> கைமாற்று, கைமாற்றம் எல்லாம் எளிமையாக இருக்கின்றனவே?

எளிமைதான். ஆனால் கைமாற்று என்றால் பத்திரம் எழுதாமல் வாங்கும் கடன். வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வோர் ஆட்டத்திலும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தன் பக்கத்து ஓட்டக்காரரின் வயிற்றில் பந்தைத் திணித்துவிடுகிறார், பல தடவை. அதுவும் கைமாற்றம்தான். அணிக்குள் மாறுவதற்கும் அணி விட்டு அணி போவதற்கும் ஒரே சொல் இருந்தால் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்.

> பந்திழப்பு.

ஐயா முன்வைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது, தமிழாகவும் இருக்கிறது. பாதிப் பேர் இதற்கே கை தூக்கியிருக்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் ஆட்டத்துக்குள் போக வேண்டும்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற 4 டவுன், அதாவது நாலு முறை ஆடிப் பார்க்கலாம். முன்னேறிவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்றில் முடியாவிட்டால், பெரும்பாலான பயிற்சியாளர்கள் நாலாவதில் பந்தைத் தூர உதைத்து அனுப்பிவிடுவார்கள். கோல் கம்பம் எட்டும் தூரம் என்றால் 3 புள்ளிக்கு உதைப்பார்கள். சிலர் துணிந்து நாலாவதையும் ஆடிப் பார்ப்பார்கள். அது பலிக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. ஆக, பந்தை இழக்க இந்த ஆட்டத்தில் வழி நிறைய. டர்னோவர் என்று அட்டவணையில் ஏறுவதோ இரண்டே வகை: எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது, கையில் இருந்த பந்து நழுவி எதிரணியிடம் போய்விடுவது. நாலாவது டவுனில் தோற்றுப் பந்தைக் கொடுப்பதற்கும் ஆங்கிலத்தில் 'டர்னோவர் ஆன் டவுன்ஸ்' என்றுதான் பெயர். பெயர்தான் அப்படி, டர்னோவர் எண்ணிக்கையில் அது சேராது.

இந்தக் கோளாறை ஆங்கிலம் பழக்கத்தால் சமாளித்துக்கொள்கிறது. புதிதாகச் சொல் செய்கிற நாம் அந்தக் கோளாறையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்?

தம்பியின் கட்டுரைக்கு இது வெறும் நுணுக்கம் இல்லை. லயன்ஸ் எப்படிப்பட்ட அணி என்று நினைத்துப் பாருங்கள். 2008-இல் ஆடிய 16-லும் தோற்ற அணி. டேன் கேம்பல் பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டு, 2021-இல், 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன். 2022-உம் அதே லட்சணத்தில்தான் தொடங்கியது: முதல் 7 ஆட்டத்தில் ஒரே வெற்றி. அந்த ஆறு தோல்வியில் நான்கு, 3 அல்லது 4 புள்ளி வித்தியாசத்தில் போனவை. மற்ற இரண்டும் மோசமான தோல்விகள். நம் சொற்களை உரசிப் பார்க்க அந்த இரண்டுதான் சரியான கல்.

அக்டோபர் 9, நியூ இங்கிலாந்தில் 29-0. நாலாவது டவுனில் லயன்ஸ் 6 முறை ஆடிப் பார்த்தது, ஆறும் பலிக்கவில்லை. நாலாவது டவுனில் வெறுமனே பலிக்காமல் போனது எதுவும் டர்னோவர் பத்தியில் வராது. இரண்டு வாரம் கழித்து டல்லஸ் அணியிடம் 24-6. அங்கே கணக்கில் ஏறிய டர்னோவர் மட்டும் 5. 10-6 என்று பின்தங்கியிருந்த நேரத்தில், கோடு தாண்டினால் முன்னிலை என்ற இடத்தில், லயன்ஸ் ஓட்டக்காரர் ஜமால் வில்லியம்ஸ் பந்தை நழுவவிட்டார். முதல் ஆட்டத்தில் பயிற்சியாளர் தெரிந்தே எடுத்த முடிவுகள் பொய்த்தன. இரண்டாவதில் கையில் இருந்தது பறிபோனது. இரண்டையும் 'பந்திழப்பு' என்று எழுதினால், அந்த அணி எதைத் திருத்திக்கொண்டது என்பதே கட்டுரையில் தெரியாது.

திருத்திக்கொண்டது இரண்டாவதைத்தான். நவம்பர் 6-ஆம் தேதி ஃபோர்டு ஃபீல்டில் கிரீன் பே பேக்கர்ஸை 15-9 என்று வென்ற ஆட்டத்துக்குப் பிறகு, மீதி 9 ஆட்டத்திலும் லயன்ஸ் குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃப் எறிந்த ஒரு பந்தைக்கூட எதிரணி பிடிக்கவில்லை. அந்த நவம்பர் 6 ஆட்டத்தின் கடைசி எறிகளையும் சேர்த்துத் தொடர்ந்து 324 எறி! கடைசி 10 ஆட்டத்தில் 8 வெற்றி. சீசன் 9-8 என்று முடிந்தது. அக்டோபரில் நழுவவிட்ட அதே ஜமால் வில்லியம்ஸ் 17 ரஷிங் டச்டவுனோடு (பந்தோடு ஓடிக் கோடு தாண்டுவது) லீகிலேயே முதலிடம். அணிக்குள் பேரி சாண்டர்ஸ் 1991-இல் வைத்த 16 என்ற கணக்கும் உடைந்தது. நாலாவது டவுனில் துணியும் பழக்கத்தை மட்டும் கேம்பல் விடவே இல்லை.

சரி, என் முன்மொழிவு. கிரிக்கெட் செய்தி எழுதுகிறவர்கள் நமக்காக எப்போதோ வேலையைப் பாதி முடித்து வைத்திருக்கிறார்கள். "விக்கெட்டைப் பறிகொடுத்தார்", "மூன்று விக்கெட்டைப் பறித்தார்" என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். அதையே எடுத்துக்கொள்ளலாம். எதிரணியிடமிருந்து எடுத்தால் பறிப்பு. நம்மிடமிருந்து போனால் பறிகொடுப்பு. ஆங்கிலத்தில் டேக்அவே, கிவ்அவே என்று இரண்டு சொல் வைத்திருக்கிறார்களே, அந்த இரண்டும் இதிலேயே முடிந்துவிடுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து வருவது நிகரப் பறிப்பு. நிகர லாபம் தெரிந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. பந்து கையை விட்டு நழுவும் ஃபம்பிளுக்கு 'நழுவல்' போதும். நழுவினாலும் தன் அணியே எடுத்துக்கொண்டால் அது நழுவல் மட்டும்தான், பறிகொடுப்பு ஆகாது. இந்த வேறுபாடும் சொல்லிலேயே இருக்கிறது.

> இன்டர்செப்ஷனுக்கு 'இடைமறிப்பு' ஏற்கனவே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் வருகிற பந்தைக் கையால் தட்டிக் கீழே விழவைத்தவரும் இடைமறித்தவர்தானே? பிடித்தால் மட்டும்தான் கணக்கு. எனவே 'இடைப்பறிப்பு'. தலைப்பு போடுகிறவருக்குக் கொஞ்சம் காரம் வேண்டுமென்றால் 'வழிப்பறி' என்று போட்டுக்கொள்ளட்டும். போகிற வழியில் பறித்ததுதானே!

அடுத்து டவுன். 'முயற்சி', 'வாய்ப்பு' என்றெல்லாம் வந்திருக்கின்றன. இரண்டும் தினப் பேச்சில் வருகிற சொற்கள். கட்டுரையில் வேறு பொருளில் பத்து இடத்தில் வரும். நான் 'தவணை' என்கிறேன். 10 கெஜத்தை நாலு தவணையில் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் புதுத் தவணைக் கணக்கு. நாலாம் தவணையும் தவறினால் பொருள் பறிமுதல், மிக்ஸி வாங்கினாலும் இதே கதைதான். 'டர்னோவர் ஆன் டவுன்ஸ்' என்பதற்குத் 'தவணை தவறல்' என்று சொல்லிவிட்டால் பறிப்பு என்ற சொல்லின் நிழல்கூட அதில் விழாது.

இந்தப் பிரிவு தேவையா என்று இன்னும் ஐயம் இருப்பவர்களுக்கு, மேலே சொன்ன அந்த நவம்பர் 6 ஆட்டத்திலிருந்தே ஒரு காட்சி. பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் அன்று மூன்று முறை பறிகொடுத்தார். இரண்டைப் பறித்தவர் முதலாண்டு வீரர் கெர்பி ஜோசப். மற்றொன்றைப் பறித்தவர் இன்னொரு முதலாண்டு வீரரான ஏடன் ஹட்சின்சன். கோட்டுக்கு ஒரு கெஜம், நாலாம் தவணை, டேவிட் பாக்டியாரி என்ற தடுப்பு வீரரை நோக்கி ராட்ஜர்ஸ் எறிய, கோட்டுக்கு அப்பால் எண்ட் சோனில் ஹட்சின்சன் அதைப் பிடித்துவிட்டார். இடைப்பறிப்பு, கணக்கில் ஒன்று. பிடிக்காமல் தரையில் தட்டிவிட்டிருந்தாலும் பந்து லயன்ஸுக்குத்தான் வந்திருக்கும். ஆனால் அது தவணை தவறல், கணக்கில் சுழியம். ஒரே எறி, ஒரே ஆள், பந்து போய்ச் சேரும் அணியும் ஒன்றே. 'பந்திழப்பு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவீர்கள்?

ஐயா மறுப்பார் என்று தெரியும், காத்திருக்கிறேன்.

அன்புடன்.

–––

பொருள்: மறு: மறு: அமெரிக்கக் காற்பந்து – டர்னோவருக்குச் சொல் வேண்டும்

அண்ணைக்கு வணக்கம். டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன்.

பறிப்பும் பறிகொடுப்பும் எனக்குப் பிடித்திருக்கு. தவணையில்தான் இடிக்குது. யாழ்ப்பாணத்தில் படித்த எவருக்கும் தவணை என்றால் பள்ளிக்கூடம்: முதலாம் தவணைப் பரீட்சை, இரண்டாம் தவணை விடுமுறை. அதுவும் ஆண்டுக்கு மூன்றே தவணைதான். 'நாலாம் தவணை' என்று வாசித்தால் என் வயதுக்காரருக்கு முதலில் சிரிப்பு வரும்.

ஆனால் ஒன்று சொல்ல வேணும். இங்கே கனடாக் காற்பந்தில் மூன்று டவுன் மட்டும்தான். ஆக உங்கட சொல் கனடாவுக்கு அச்சொட்டாகப் பொருந்துது!

இன்னொன்று. எங்கட பக்கத்தில் கிரிக்கெட் ஓவருக்குப் 'பந்துப் பரிமாற்றம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கினம். பொருள் சரி, நீளம் அதிகம். வாய்ப்பேச்சில் எல்லாரும் ஓவர்தான். 'தவணை தவறல்' சிறிசாக இருக்கு, தப்பிப் பிழைக்கலாம். 'நிகரப் பறிப்பு' வர்ணனையில் நிலைக்குமோ தெரியாது. 'மிச்சப் பறிப்பு' என்றால் வாயில் வரும்.

–––

பொருள்: மறு: மறு: மறு: அமெரிக்கக் காற்பந்து – டர்னோவருக்குச் சொல் வேண்டும்

நன்றி. கனடாவின் மூன்று டவுன் எனக்கு இந்த இழையில் கிடைத்த போனஸ்.

பள்ளித் தவணை பற்றிச் சொன்னது நியாயம். ஆனாலும் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். "நாலாம் தவணை, இன்னும் 2 கெஜம்" என்று படிக்கிறவர் பரீட்சை ஹாலில் இருப்பதாக நினைக்க மாட்டார். சிரிப்பு வந்தால் வரட்டும், சொல் மனத்தில் நிற்கும். 'மிச்சப் பறிப்பு' எனக்குச் சம்மதமில்லை. கணக்கு மைனஸில் போனால் மிச்சம் என்று எப்படிச் சொல்வது? நிகரம் இரண்டு பக்கமும் போகும்.

ஐயா தனிமடலில் இரண்டு கருத்து அனுப்பியிருக்கிறார். பொதுவில் வைக்கச் சொன்னார். முதலாவது, வழிப்பறி வேண்டவே வேண்டாம், அது குற்றவியல் சொல், காவல்துறை செய்திக்கு விட்டுவிடுங்கள் என்கிறார். நான் தலைப்புக்குத்தான் கேட்டேன், அதையும் விட்டுவிடுகிறேன். இரண்டாவது கொஞ்சம் கனமானது: தவணை தவறலை எண்ணாமல் விடுவதால் வாசகருக்குப் பாதி உண்மைதானே போகும் என்கிறார்.

இதில் ஐயா பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது. 2023 சீசன் முடிவில், 2024 ஜனவரியில், சான் ஃபிரான்சிஸ்கோ அணியுடன் நடந்த அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 12-5 என்று முடித்து, 1993-க்குப் பிறகு முதன்முறையாகப் பிரிவுப் பட்டம் வாங்கி வந்த லயன்ஸ், இடைவேளையில் 24-7 என்று முன்னிலை. 34-31 என்று தோற்றது. பறிகொடுத்தது இரு அணியும் ஒவ்வொன்று. நிகரப் பறிப்பு பூஜ்யம். அட்டவணையை மட்டும் பார்த்தால் பந்து விஷயத்தில் இரு அணியும் சமம். நடந்ததோ வேறு: இரண்டாம் பாதியில் இரண்டு முறை, 3 புள்ளிக்கு உதைக்கக்கூடிய தூரத்தில், கேம்பல் உதைக்காமல் நாலாம் தவணையை ஆடினார். இரண்டும் தவறின. தோற்றது 3 புள்ளியில்.

ஆனால் அதனால்தான் இரண்டு சொல் வேண்டும் என்கிறேன், ஐயா. ஒரே பெயரில் போட்டால் பறிகொடுப்பு மூன்று என்று ஆகிவிடும், கேம்பலின் முடிவும் அதே ஆட்டத்தில் லயன்ஸ் ஓட்டக்காரர் ஜமீர் கிப்ஸின் நழுவலும் ஒரே பிழையாகத் தெரியும். தனித்தனியாக எழுதினால் அந்த முடிவு சரியா தவறா என்று வாசகர் சண்டை போடலாம். டெட்ராய்ட்டில் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலாவது சரி: 2 கெஜம்தான் வேண்டும், கோஃப் எறிந்த பந்து ஜாஷ் ரெனால்ட்ஸின் கைக்கே வந்தது, அவர் விட்டுவிட்டார். இரண்டாவதில் உதைத்திருக்கலாம்.

தம்பிக்கு: கட்டுரையில் பறிப்பு, பறிகொடுப்பு, இடைப்பறிப்பு, நழுவல், தவணை, தவணை தவறல் ஆறையும் போடுங்கள். ஒவ்வொன்றும் முதல்முறை வரும் இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் கொடுத்துவிட்டால் போதும், பிறகு தேவையில்லை. நிகரப் பறிப்பை அட்டவணைத் தலைப்பில் மட்டும் வையுங்கள். சீசனை சீசன் என்றே விடுங்கள். 'பருவம்' என்றால் பயிர் ஞாபகம்தான் வருகிறது.

முடிவுப் பத்தியில், 2023 ஜனவரி 8 அன்று பேக்கர்ஸின் லாம்போ ஃபீல்டில் நடந்த கடைசி ஆட்டத்தை எழுதப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே சியாட்டில் வென்றுவிட்டதால் லயன்ஸுக்கு அடுத்த சுற்று இல்லை என்று முடிவாகிவிட்டது. வென்றிருந்தால் பேக்கர்ஸ் உள்ளே. 20-16 என்று அவர்களையும் வெளியே அனுப்பினார்கள். இரண்டு சொல்லும் அங்கே ஒன்றாக வந்து நிற்கும்: கடைசிக் கட்டத்தில் ராட்ஜர்ஸின் எறியைக் கெர்பி ஜோசப் இடைப்பறித்தார், அப்புறம் லயன்ஸ் நாலாம் தவணையில் உதைக்காமல் டிஜே சார்க்குக்கு எறிந்து, தவணையைக் கட்டி, மிச்ச நேரத்தை ஓட்டிவிட்டது. எழுதியதும் வரைவைக் குழுமத்துக்கு அனுப்புங்கள். சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றிக்கொள்ளலாம். பந்தைத் தூர உதைத்து அனுப்பும் பன்ட்டுக்கு மட்டும் யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது.

அன்புடன்.