கப்பல்ல துணி துவைக்க என்ன பண்றது?

அடுத்த மாசம் சியாட்டில்ல இருந்து அலாஸ்காவுக்கு 7 நைட் க்ரூஸ், ராயல் கரீபியன் கம்பெனி கப்பல். ரெண்டு வாண்டுங்க இருக்கு, அவ்ளோ துணி பேக் பண்ண முடியாது, வாஷிங் மெஷின் இருக்குமா, அயர்ன் பாக்ஸ் எடுத்துட்டு போலாமா?

பதில் 1:
நாமளே துவைக்கற மெஷின் அதுல கிடையாதுங்க, கார்னிவல், பிரின்சஸ் மாதிரி கப்பல்ல தான் பாக்கலாம். ரூம்ல லாண்டரி பையும் சீட்டும் இருக்கும், எழுதி ரூம் அட்டெண்டன்ட்கிட்ட குடுங்க. ஒவ்வொரு துணிக்கும் தனிக் காசு, கட்டுப்படியாகாது, ஆனா நடுவுல பெரும்பாலும் ஒரு பைக்கு இவ்ளோனு ஆஃபர் வரும், அன்னிக்கு பசங்க துணிய திணிச்சு குடுத்துருங்க.

பதில் 2:
அந்தப் பைல கம்பளி, பட்டு போடாதீங்க, எல்லாத்தையும் ஒண்ணா ட்ரையர்ல போட்ருவாங்க. வேற கப்பல்ல எங்க வீட்டுக்காரர் சட்டை என் பையன் சைஸுக்கு வந்துச்சு 😂 அயர்ன் பாக்ஸ் வேணாம், தீப்பிடிக்கும்னு செக்கிங்லயே வாங்கி வச்சுப்பாங்க.

கேட்டவர்:
ஐயோ, நல்லவேளை சொன்னீங்க, ஸ்வெட்டர் தான் முதல்ல போட இருந்தேன்!